நகரம் இருந்த மலை

நார்த்தாமலைக்கு முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் விஜயாலய சோழீசுவரத்தைக் காணவே செல்கிறார்கள். நாங்களும் அதற்காகவே சென்றோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் வழியில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஊர். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் இங்கே கால்வைக்க இடமிராது. மற்ற நாட்களில் மேலமலைச் சரிவில் ஏறும்போது காற்றின் ஓசையன்றி வேறொன்றும் கேட்பதில்லை. மேற்கு நோக்கி நிற்கும் கற்றளி, வட்ட வடிவிலான கருவறை, சுற்றிலும் சிறு கோயில்கள், எதிரே இரண்டு குடைவரைகள். வந்தவர்கள் அனைவரும் ஒரே குரலில் வியப்பது இந்த ஏகாந்தத்தைத்தான்.

ஆனால் ஊரின் பெயர் வேறு கதை சொல்கிறது. நாரதர்மலை என்பதே நார்த்தாமலை ஆனதென்று கூறுவோர் உண்டு. நகரத்தார்மலை மருவி நார்த்தாமலை ஆயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. சோழர் கால வழக்கில் 'ஊர்' என்பது வேளாண் குடிகளின் அவை; 'சபை' என்பது பிரமதேயத்து அந்தணர் அவை; 'நகரம்' என்பதோ வணிகர் குடியிருப்பையும் அவர்களது அவையையும் குறித்த சொல். முதலாம் இராசராசனின் விருதுப்பெயர்களுள் ஒன்று தெலுங்ககுலகாலன். அப்பெயரால் தெலுங்ககுலகாலபுரம் என்று வழங்கிய வணிக நகரம் இதுவே. கடம்பர்மலைக் கல்வெட்டுகளில் நாம் சந்திப்பது அந்நகரத்தாரைத்தான்.

எதிரே உள்ள குடைவரைகளுள் சிறியது பழியிலீசுவரம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைந்தது. பெரியதில் ஒரே சாயலில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஏறத்தாழ ஆளுயரத்தில், சுவரில் நிற்கின்றன. 'சமணர் குடகு' என்பது அதன் வழக்குப்பெயர்; முதலில் சமணருக்குரியதாக இருந்து பின்னர் மாறியது என்பர். அதன் இன்னொரு பெயர்தான் நம் கவனத்துக்குரியது: பதினெண்பூமி விண்ணகரம். பதினெட்டு நிலங்களிலும் சென்று வணிகம் செய்பவர் என்று திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தம்மைச் சொல்லிக்கொண்ட தொடரின் ஒரு துண்டு அது. அந்த ஐந்நூற்றுவரே 1088இல் சுமத்திராவின் லோபு துவாவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை விட்டுச் சென்றவர்கள்.

ஆக, இங்கே ஒரு சந்தடி இருந்திருக்கிறது. அதை இன்று எங்ஙனம் கேட்பது? அதே காலத்து வேறொரு வணிக நகரத்தை அருகில் வைத்துப் பார்த்தால் சற்று விளங்கும்.

இராசேந்திர சோழன் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1047இல், நாசிர் குஸ்ரோ என்ற பாரசீகர் முதன்முறையாக எகிப்தின் கெய்ரோவுக்குள் நுழைந்தார். கண்டதையெல்லாம் தம் பயண நூலில் எழுதிவைத்தார். சுல்தானுக்கு உரிமையான கடைகள் மட்டுமே 20,000க்குக் குறையாது என்று கணக்கிட்டார். அருகிலிருந்த பழைய நகரமான ஃபுஸ்தாத்தில் ஏழு அடுக்குக்கும் மேற்பட்ட வீடுகளைக் கண்டு திகைத்தார். கடைக்காரர்கள் பொருளோடு அதை எடுத்துச்செல்லும் கலத்தையும் தாங்களே கொடுத்துவிடுவதையும், பொய் சொல்லி விற்றவனை ஒட்டகத்தில் ஏற்றி மணியடித்து ஊர்வலம் விடுவதையும் குறித்தார்.

கெய்ரோவின் பேறு அத்துடன் முடியவில்லை. இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கலாகாது என்பது யூதர் வழக்கம். அதனால் ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து அறையொன்றில் கடிதங்களும் வணிகக் கணக்குகளும் கூடக் குவிந்து கிடந்தன. வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து நமக்குத் தெரியவந்தவர்களுள் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜு. வட ஆப்பிரிக்கக் கரையின் மஹ்தியாவில் பிறந்து, 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல்லாண்டுகள் வணிகம் செய்தவர். அமிதாவ் கோஷின் நூலைப் படித்தவர்கள் அவரை அறிவார்கள். மிளகும் பாக்கும் இரும்பும் அவர் ஏடனுக்கு அனுப்பிய பொருட்கள். பதிலுக்கு வந்தவற்றுள் ஒன்று எழுதுவதற்கான தாள்.

இந்தச் சிறு விவரத்தில்தான் நார்த்தாமலையின் மௌனத்துக்கு விடை இருக்கிறதென்று நாம் கருதுகிறோம். பாண்டிநாட்டுப் பிரான்மலையில் ஐந்நூற்றுவர் பொறித்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, எந்தப் பொருளுக்கு என்ன தீர்வை என்று வரிசையாகச் சொல்கிறது. அதிலும் மிளகு, பாக்கு, இரும்பு உண்டு. சரக்குகள் ஒன்றே, அவற்றை எழுதிவைத்த பொருள்தான் வேறு. கெய்ரோ தாளில் எழுதியது. நம்மவர் அன்றாடக் கணக்கை ஓலையில் எழுதினார்கள். மழையும் கறையானும் அதைத் தின்றன. தருமத்துக்குக் கொடுத்ததை மட்டும் கல்லில் வெட்டினார்கள், அது நின்றது. அதனால்தான் தெலுங்ககுலகாலபுரத்து வணிகன் கோயிலுக்குக் கொடுத்தது நமக்குத் தெரிகிறது. பேரம் பேசியதும் கடன்பட்டதும் தெரிவதில்லை. சந்தை மறைந்து கோயில் மட்டும் எஞ்சியபோது, வணிக நகரம் நம் கண்ணுக்குத் தவச்சாலையாகக் காட்சியளிக்கிறது. அந்த ஏகாந்தம் பிற்காலம் சேர்த்தது.

இதில் ஒரு கவலையும் உண்டு. இங்கே பாறையே ஏடு. நார்த்தாமலைச் சுற்றுவட்டாரத்திலோ கல்லுடைப்பு பல குடும்பங்களின் சோறு. வெடியின் அதிர்வால் பழங்கோயில்களுக்குக் கேடு நேருமென்ற முறையீடு பலமுறை எழுந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வகுத்துள்ளது. ஆனால் அந்தக் காவல், சின்னமென்று அறிவிக்கப்பட்டவற்றுக்கே. சுனையோரத்தில் நாலு வரி தாங்கி நிற்கும் பெயரற்ற பாறைக்கு அந்த எல்லைக்கோடு கிடையாது. கெய்ரோவில் ஒரு தாள் தொலைந்தால் அடுத்த தாள் பேசும். நமக்கு இருப்பதே சில பாறைகள்.

ஆகவே, முதன்முறை மேலமலை ஏறும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஜயாலய சோழீசுவரத்தை ஆரக் கண்டபின் திரும்பிவிடாதீர்கள். கீழிறங்கி கடம்பர்மலை அடிவாரத்துக்கும் செல்லுங்கள். அங்கே பாறையில் நெருக்கமாக வெட்டிய வரிகள் முன் சற்று நேரம் நில்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தால் இன்னும் நன்று. முடியாவிட்டாலும், வழியில் வேறெங்கேனும் எழுத்துள்ள பாறை தென்பட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.