கோஹ்னா ஏரி: பதினொரு மாதக் காத்திருப்பு

பத்ரிநாதம் செல்லும் தமிழ் யாத்ரீகர்களுக்குத் தேவப்பிரயாகை அறிமுகமான தலம். பெரியாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திருக்கண்டமென்னும் கடிநகர் அதுவே. பாகீரதியும் அலகநந்தாவும் அங்கே கலந்து கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. அந்த அலகநந்தாவில் 1894ஆம் ஆண்டு வந்த ஒரு வெள்ளத்தைப் பற்றி இங்கே காண்போம். வெள்ளத்தைவிட, அதற்கு முந்தைய பதினொரு மாதங்களைப் பற்றியே நாம் மிகுதியும் பேசவிருக்கிறோம்.

கார்வால் மலைகளில் அலகநந்தாவுடன் வந்து சேரும் சிற்றாறுகளுள் ஒன்று பிர்ஹி கங்கை. அதன் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர் கோஹ்னா. 1893 செப்டம்பரில் அவ்வூருக்கு அருகே மைத்தானா என்னும் மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து ஆற்றின் குறுக்கே விழுந்தது. சரிவு மூன்று நாட்கள் நீடித்ததாம். எழுந்த புழுதியில் சுற்றுவட்டாரமே இருண்டுபோயிற்றாம். இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு நேரில் சென்று ஆராய்ந்து 1894இல் எழுதிய அறிக்கை இதன் காரணத்தை விளக்குகிறது. பாறையடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. இடையில் ஊறிய மழைநீர் பிடிமானத்தைத் தளர்த்திவிட்டது.

விழுந்த மலை ஓர் அணையாயிற்று. அதன் உயரம் ஏறத்தாழ 900 அடி. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் 216 அடி என்பதை நாம் அறிவோம். அப்படி நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்த அணையின் உச்சியைத் தொடாது. உச்சியில் அதன் அகலம் 2000 அடி, அடிப்பகுதியில் 11,000 அடி. ஆறு நின்றது, அணைக்குப் பின்னால் ஏரி வளரத் தொடங்கியது.

இப்படியோர் அணையை என்ன செய்வது? வெட்டித் திறந்து நீரைச் சிறிதுசிறிதாக வெளியேற்றலாம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் சாலையே இல்லாத மலைக்குள், கோடிக்கணக்கான டன் கல்லையும் மண்ணையும் அகற்றுவது அன்றைய கருவிகளுக்கு இயலாத செயல். ஆகவே அணையைத் தொடுவதில்லை, நீர்மட்டத்தைக் கவனிப்பது என்று முடிவாயிற்று. கேட்பதற்குச் சோம்பலான முடிவாகத் தோன்றும் இதுவே, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

பொதுப்பணித் துறையின் மேற்பார்வைப் பொறியாளர் லெப்டினன்ட் கர்னல் புல்ஃபோர்டு கோஹ்னாவுக்குச் சென்று பார்வையிட்டார். 1894 ஆகஸ்டு நடுவில்தான் ஏரி நிரம்பி வழியும் என்று அவர் கணித்தார். சோதிடம் போல் ஒலிக்கும் இக்கணிப்பின் அடிப்படை நம்மூர்ப் பள்ளிச் சிறுவனும் அறிந்த தொட்டிக் கணக்குத்தான். ஏரியின் பரப்பு தெரிந்தால், ஒரு நாளில் மட்டம் எத்தனை அடி உயர்ந்தது என்பதைக் கொண்டு அன்று வந்த நீரின் அளவைச் சொல்லிவிடலாம். எஞ்சிய உயரத்தையும் எதிர்பார்க்கும் வரத்தையும் வைத்து நாளைக் குறிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத் தொட்டியின் சுவர்கள் செங்குத்தானவை. மலை ஏரி அப்படியன்று. மட்டம் ஏற ஏற நீர்ப்பரப்பு விரியும். வரத்து மாறாவிட்டாலும் உயர்வு குறைந்துகொண்டே வரும். பனிக்காலத்தில் ஆறு மெலியும். வெயில் ஏறியதும் பனி உருகிப் பெருகும். அதன்மேல் பருவமழையும் சேரும். இவையனைத்தையும் கணக்கில் கொண்டு, ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே ஒரு தேதியைச் சொல்லி, அது ஒரு பத்து நாள் பிழைக்குள் அடங்கியது என்றால் அந்தப் பொறியாளரை நாம் வியக்காமல் இருக்க முடியாது.

ஏரியைக் காக்க, அதாவது பார்த்துக்கொண்டே இருக்க, லெப்டினன்ட் குரூக்‌ஷாங்க் என்னும் இளம் பொறியாளர் அங்கேயே அமர்த்தப்பட்டார். மட்டத்தைக் கவனிப்பதும் செய்தி அனுப்புவதும் அவரது பணி. செய்தி போவதற்கென்றே ஹரித்வாரிலிருந்து கோஹ்னா வரை மலைகளின் ஊடே தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறக்கூடும் என்பதை மதிப்பிட்டு, பள்ளத்தாக்கின் சரிவுகளில் தூண்கள் நடப்பட்டன. அத்தூண்களுக்கு மேலே போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். தொங்குபாலங்கள் கழற்றி அகற்றப்பட்டன. யாத்ரீகர்களுக்கு மாற்றுவழி அமைக்கப்பட்டது. கார்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகரும் (காஷ்மீரத்து ஸ்ரீநகரன்று) ஆற்றோரச் சிற்றூர்களும் உரிய நேரத்தில் காலிசெய்யப்பட்டன.

இவ்வளவும் மலைமக்கள்பால் கொண்ட கருணையால் மட்டுமே நிகழ்ந்தன என்று நாம் நம்ப வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் இதே அரசு நடந்துகொண்ட விதத்தை அறிந்தவர்கள் அப்படி நம்பவும் மாட்டார்கள். ஹரித்வாரில், 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயின் தலைமதகு இருந்தது. சமவெளியின் பாசனமும் அரசின் வருவாயும் அதைச் சார்ந்திருந்தன. மலையில் ஓர் ஏரி உடைந்தால் அங்கே கணக்குப் புத்தகம் நனையும். எனினும், நோக்கம் எதுவாயினும், கம்பி மலையுச்சி வரை போயிற்று. அதன் பயனைக் கார்வால் மக்களும் பெற்றனர்.

1894 ஆகஸ்டு 25ஆம் நாள் காலையில் நீர் அணையின் உச்சியைத் தாண்டிக் கசியத் தொடங்கியது. பகலெல்லாம் ஓட்டம் மெல்ல மெல்ல வலுத்தது. இரவு சுமார் பதினொன்றரை மணிக்குப் பேரொலியுடன் அணை உடைந்தது. விடிந்து பார்க்கையில் ஏரியின் மட்டம் 390 அடி இறங்கியிருந்தது. நாலரை மணி நேரத்தில் வெளியேறிய நீர் ஏறத்தாழ 1000 கோடி கன அடி, அதாவது 10 டி.எம்.சி. பூண்டி, செம்பரம்பாக்கம், புழல் ஆகிய மூன்று ஏரிகளும் நிரம்பி நிற்கையில் கொள்ளும் நீர் ஏறக்குறைய இவ்வளவுதான். அம்மூன்றையும் ஒரே இரவில், ஒரு குறுகிய மலையிடுக்கில் கவிழ்த்ததாக எண்ணிப் பார்க்கலாம். சராசரி கணக்கிட்டால் நொடிக்கு ஆறு லட்சம் கன அடிக்கு மேல் வருகிறது.

ஸ்ரீநகர் அடித்துச் செல்லப்பட்டது. பின்னர் மேடான இடத்தில் புதிதாக ஊர் எழுப்ப வேண்டியிருந்தது. இன்று நாம் பேருந்தில் கடந்துபோகும் ஸ்ரீநகர் அந்தப் புதிய ஊரே. இத்தனை பெரிய வெள்ளத்தில் இறந்தவர்கள் ஐவர் மட்டும். ஒரு ஃபக்கீரும் அவருடைய குடும்பத்தாரும். அவர்கள் அணைக்குக் கீழே இருந்த தம் இருப்பிடத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள். மீண்டும் அங்கேயே திரும்பிவந்துவிட்டார்கள். அரசுக் குறிப்புகள் இதை ஒரு வரியில், சிறிது எரிச்சலோடு சொல்லிக் கடக்கின்றன. நமக்கென்னவோ அந்த ஒரு வரியைக் கடப்பது எளிதாக இல்லை. பதினோரு மாதங்கள் அசையாமல் நின்ற மலை, குறித்த வாரத்தில் அசையும் என்பதை ஒரு மனிதர் நம்பவில்லை. நம்பாதவர் அவர் ஒருவரே என்பதுதான் வியப்பு. தூண்களையும் கம்பியையும் கண்ட மற்றவர்கள் அனைவரும், கண்ணால் காணாத ஏரியின் மட்டத்தை நம்பி, வீடு வாசலை விட்டு மேடேறினார்கள்.

அணை முழுதும் கரைந்துவிடவில்லை. அடிப்பகுதி நின்றது, அதன் பின்னே ஒரு சிறிய ஏரியும் தங்கியது. அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகள் அது அழகிய ஏரியாக மட்டுமே இருந்தது. மலைச்சரிவுகளிலிருந்து இறங்கிய மண்ணும் கல்லும் மெல்ல அதை நிரப்பின. 1970 ஜூலை 20 அன்று அலகநந்தாவிலும் அதன் துணையாறுகளிலும் பெருவெள்ளம் வந்தபோது எஞ்சிய ஏரியும் உடைந்தது. பேலாகுச்சி என்னும் ஊர் அந்த வெள்ளத்தில் அழிந்தது. சாலையில் நின்ற பேருந்துகளும் போயின. கங்கைக் கால்வாயில் மைல் கணக்கில் வண்டல் படிந்தது. காடழிப்புக்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பைச் சண்டிபிரசாத் பட்டும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராகப் பேசத் தொடங்கியது இதன் பின்னர்தான். 1973இல் சிப்கோ இயக்கம் பிறந்தது. 1974இல் கௌராதேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்ற ரேணி கிராமம் இதே சமோலி மாவட்டத்தில் உள்ளது.

ரேணியின் பெயரை நாடு மீண்டும் கேட்டது 2021 பிப்ரவரி 7 அன்று. ரோன்ட்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கை வழியே சேறும் நீருமாய் இறங்கியது. இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. இறந்தோரும் காணாமற்போனோரும் 200க்கு மேல். ஆற்றில் அளவு நிலையம் இல்லாமல் இல்லை. ஜோஷிமடத்தில் மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் அன்று 1388 மீட்டரைப் பதிவு செய்தது. 2013ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் உச்சமான 1385.54 மீட்டரைவிட இது கூடுதல். ஆனால் அந்நிலையம், மிகுதியானோர் மாண்ட தபோவனத்துக்குக் கீழே இருந்தது. எண் பதிவானபோது தபோவனத்துச் சுரங்கத்தில் சேறு புகுந்துவிட்டிருந்தது.

1894ஐயும் 2021ஐயும் ஒரே தராசில் நிறுப்பது முறையாகாது. புல்ஃபோர்டுக்குப் பதினொரு மாதங்கள் கிடைத்தன. ரேணியில் கிடைத்தவை சில நிமிடங்கள். எனினும் அடுத்து நடந்ததைப் பார்க்கையில் நமக்குக் கோஹ்னாதான் நினைவுக்கு வருகிறது. ரேணிக்கு மேலே, விழுந்த குவியல் ஆற்றை அடைத்து ஒரு புதிய ஏரி உருவாகியிருந்தது. அதன் ஆழம் தெரியாமல் கீழே மீட்புப் பணி செய்வோருக்கு உறுதி கூற இயலவில்லை. சுமார் 14,000 அடி உயரத்தில் இருந்த அந்த ஏரிக்கு விமானப்படையின் ஹெலிகாப்டரில் சென்ற கடற்படை முக்குளிப்பாளர்கள், எதிரொலிக் கருவியைக் கொண்டு ஆழத்தை அளந்து வந்தனர். நீர்மட்டம் உயர்ந்தால் தானே ஒலிக்கும் அபாயச் சங்கு ஒன்றையும் மாநில மீட்புப் படையினர் ரேணிக்கு அருகே ஆற்றில் பொருத்தினார்கள்.