உப்புப் படிகத்தில் கொஞ்சம் அழுக்கு

நான் இயற்பியல் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமோ முடித்து வார்டில் வேலை பார்க்கிறவள். பொட்டாசியம் குளோரைடு என்றால் எனக்கு பயம்தான். சலைனில் கலக்காமல் அப்படியே நரம்பில் ஏற்றிவிட்டால் இதயம் நின்றுபோகும். அதே உப்பைப் பெரிய படிகமாக வளர்த்து, அதற்குள் சூடு எப்படிப் போகிறது என்று அளந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதைதான் இன்றைக்கு.

உலோகத்தில் சூட்டைப் பெரும்பாலும் எலெக்ட்ரான்கள் சுமக்கின்றன. உப்பிலும் வைரத்திலும் அணுக்களின் அதிர்வே அலையாக நகர்ந்து அதைக் கொண்டுபோகிறது. 1911இல் ஜெர்மனியில் ஆர்னால்ட் ஆய்கன் ஒன்றைக் கண்டார்: குளிரவைக்கக் குளிரவைக்க இந்தப் படிகங்கள் சூட்டை இன்னும் நன்றாகக் கடத்துகின்றன. 1929இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் காரணம் சொன்னார். அலைகள் ஒன்றோடொன்று மோதித் திரும்புவதுதான் தடை. குளிரில் அந்த மோதல் மளமளவென்று குறைந்துவிடுகிறது.

அப்படியானால் கடத்தல் கூடிக்கொண்டே போகுமா? போகாது. 1930களில் லைடனில் டி ஹாஸும் பியர்மாஸும் மிகக் குளிரில் அளந்தபோது, படிகத்தின் தடிமனே கணக்கைத் தீர்மானித்தது. அலைகளுக்கு முட்ட வேறு எதுவும் இல்லை, சுவர்தான். ஆகவே வரைகோடு ஏறி, உச்சி தொட்டு, இறங்குகிறது. அந்த உச்சிப் பக்கம்தான் அழுக்கின் ராஜ்ஜியம்.

அழுக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 1931இல் வோல்ஃப்காங் பௌலி, குறைகடத்திகள் அசுத்தமான குளறுபடி, அதில் வேலை செய்யாதே என்ற பொருளில் பையர்ல்ஸுக்கே கடிதம் எழுதினார். பெரிய மனிதர்தான். ஆனால் இதில் அவர் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

1958இல் கெபால், ஹல் இருவரும் ஜெர்மானியத்தை எடுத்துக்கொண்டார்கள். இயற்கையில் அது ஐந்து ஐசோடோப்புகளின் கலவை. ஒரே ஐசோடோப்பு சுமார் 96 சதவீதம் இருக்கும்படி செய்த படிகம், உச்சியில் சாதாரணப் படிகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சூட்டைக் கடத்தியது. அந்நிய அணுகூடத் தேவையில்லை, சொந்த அணுவின் எடை வித்தியாசமே போதும்!

என் உப்பு வருவது 1962இல், கார்னெல் பல்கலைக்கழகத்தில். ராபர்ட் போல் பொட்டாசியம் குளோரைடில் துளி நைட்ரைட் சேர்த்தார். இவருடைய அப்பா, கோட்டிங்கன் போல், இதே மாதிரி உப்புப் படிகங்களின் நிறங்களை ஆராய்ந்தவர். மகன் கை வைத்தது சூட்டில். சாதாரண அந்நிய அணு முக்கியமாகக் குட்டை அலைகளைச் சிதறடிக்கும். நைட்ரைட் அப்படியில்லை. குளோரைடின் இடத்தில் உட்கார்ந்து ஆடுகிற அது, தன் ஆட்டத்துக்கு ஒத்த அலைகளை மட்டும் பொறுக்கிப் பிடித்தது. வரைகோட்டில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்தது.

எனக்கு இது ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதுபோலத்தான் தெரிகிறது. பள்ளம் எந்த வெப்பநிலையில் விழுகிறது என்று பார்த்து, உள்ளே இருக்கும் அந்நியன் எப்படி அசைகிறான் என்று சொல்ல முடிந்தது. 1970இல் இதையெல்லாம் தொகுத்து போலோடு சேர்ந்து நீண்ட ஆய்வுரை எழுதியவர் வெங்கடேஷ் நாராயணமூர்த்தி.