டிரம்முக்குள் கிடந்த தூசி

அம்பாசிடர் காலத்தில் 'பிரேக் தூசி' என்று யாரும் பேசிக் கேட்டிருக்க மாட்டீர்கள. கார் கழுவுகிறவர் மட்கார்டில் ஒட்டிய சேற்றைக் கழுவுவார், பளபளக்கும் வீல் கப்பைச் சபீனா போட்டுத் தேய்ப்பார், அத்தோடு முடிந்தது. இன்று கார் சாமான் கடைக்குப் போனால் சக்கரம் கழுவ மட்டுமே நாலைந்து வகை பாட்டில்களை எடுத்து வைக்கிறார்கள். புதுக் கார் வாங்கிய வீடுகளில், அலாய் வீல் ஒரே வாரத்தில் கரி பூசினாற்போல் ஆகிவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் அந்தக் காலத்தில் தூசி இல்லையா? இருந்தது. நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அம்பாசிடர், ஃபியட், நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாவற்றிலும் டிரம் பிரேக். மூடிய இரும்புச் சட்டி போன்ற டிரம்மின் உள்ளே இரண்டு ஷூ இருக்கும். மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்புறத்தில் உரசும். லைனிங் தேய்ந்து வரும் பொடி பெரும்பாலும் அந்தச் சட்டிக்குள்ளேயே தங்கிவிடும். லைனிங் மாற்ற டிரம்மைக் கழற்றும் நாளில்தான் அது வெளிச்சத்தைப் பார்க்கும்.

டிஸ்க் பிரேக் ஒன்றும் புதிது அல்ல. இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்குடன் ஓடி ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். முன்சக்கரத்தில் டிஸ்க்குடன் வந்தது. நம் ஊருக்கு அது பரவலாக வந்தது மாருதி காலத்துக்குப் பிறகு. டிஸ்க்குக்கு மூடி கிடையாது. வார்ப்பிரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிக்கும்போது உதிரும் பொடி நேராகச் சக்கரத்தின் மேல்தான் போய் விழும். சந்தேகம் இருந்தால் உங்கள் காரையே பாருங்கள். முன்சக்கரம் கறுத்திருக்கும், பின்சக்கரம் அவ்வளவு இருக்காது. நிறையக் கார்களில் பின்னால் இன்னும் டிரம்தான். தவிர, பிரேக் அடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் வேலை அதிகம் முன்பிரேக்குக்கே.

ரோடும் ஒரு காரணம். பழைய ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை மாட்டு வண்டியையும் கரும்பு டிராக்டரையும் ஒதுக்கி ஒதுக்கி 60-ல் போனாலே பெரிய வேகம். நான்கு வழிச் சாலை ஆன பிறகு 100 சர்வ சாதாரணம். வேகம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் அந்த விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கத்தில் கூடும். 60-லிருந்து நிற்பதைவிட 100-லிருந்து நிற்கக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையைப் பார்த்து ஒரே அழுத்தாக அழுத்தினால் அவ்வளவும் சூடாகி, பொடி சுடச்சுடச் சக்கரத்தில் ஒட்டுகிறது.

அந்தப் பொடியில் பாதிக்கு மேல் கரி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் நிறைய இரும்பு. விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசை ரயில்களும் வந்து நின்ற பழைய நாட்களை நினைத்துப் பாருங்கள். வண்டிகள் பிரேக் போட்டு நிற்கும் இடத்தில் ஜல்லியெல்லாம் செம்பழுப்பாக இருக்கும். வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை தேய்ந்து கொட்டிய பொடி துருப்பிடித்த நிறம் அது. அலாய் வீலில் நடப்பதும் அதுதான். இரும்புத்தூள் ஈரத்தில் துருப்பிடித்து, பெயிண்டின் மேல்பூச்சைக் கடித்துக்கொள்கிறது. மரக்காணம் உப்பளப் பக்கம் அடிக்கடி போய் வருகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

இங்கே லைனிங்கின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1897-ல் ஹெர்பர்ட் ஃப்ரூடு என்ற ஆங்கிலேயர் வண்டிச் சக்கரத்துக்கு நல்ல பிரேக் கட்டை செய்யப் புறப்பட்டு ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்தது. எத்தனை சூட்டையும் தாங்கும், விலையும் மலிவு. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உலகமே அதில்தான் பிரேக் போட்டது. நம் அம்பாசிடரும் லாரிகளும் அப்படித்தான்.

இப்போது அந்த டிரம்மைக் கழற்றும் நாளுக்கு வருவோம். ரோட்டோர லாரி ஷெட்டுகளில் டிரம்மை இறக்கியதும் முதல் வேலை, ஏர் ஹோஸைப் பிடித்து உள்ளே ஒரு அடி அடிப்பது. சாம்பல் நிறத்தில் புகை மாதிரி எழும்பும். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவன் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன். ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் போய்த் தங்கினால் நோய் தலைகாட்ட 20 வருடமும் ஆகும், 40 வருடமும் ஆகும். அதற்குள் பையன் ஊர் மாறி, தொழில் மாறி, தாத்தாவாகியிருப்பான். பீடியால் வந்த இருமல் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் யார் மறுக்கப் போகிறார்கள்?

1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைக்கு அது பொருந்தும். ஷெட்டுப் பையனுக்கு வருகைப் பதிவேடே கிடையாது, உடல்நலப் பதிவேடு எங்கே? வண்டிக்காரர்களாகிய நாமெல்லாம் வீல் கப் பளபளக்கிறதா என்று பார்த்தோமே தவிர, அந்தச் சாம்பலைப் பார்க்கவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்கும் பேடும் இப்போது பரவலாகிவிட்டன. ஆனாலும் பிரேக் பொடி நல்லதல்ல. 2024-ல் ஐரோப்பிய யூனியன் கொண்டுவந்த யூரோ 7 விதி, புகைக்குழாயை மட்டுமின்றிப் பிரேக்கிலிருந்து வரும் நுண்தூசியையும் முதல்முறையாக அளக்கச் சொல்கிறது. பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் உச்சவரம்பு.

இனி பாட்டில் விஷயம். வாரம் ஒரு முறை கழுவுகிறவருக்குக் கார் ஷாம்பூவும் மெல்லிய பிரஷ்ஷும் தாராளமாகப் போதும். சக்கரம் ஆறியிருக்க வேண்டும், அது முக்கியம். நாள்பட்டு ஒட்டிக்கொண்டதற்கு 'அயர்ன் ரிமூவர்' என்று விற்கிறார்கள். அடித்ததும் நிறமற்ற திரவம் ஊதாவாகி ரத்தம் போல வழியும். மாயமில்லை, அதிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேர்ந்து காட்டும் நிறம். முடியைச் சுருட்டப் பார்லரில் தடவும் மருந்திலும் இதே சரக்குதான், அதனால்தான் அந்த நாற்றம். நிழலில் அடித்து, கையுறை போட்டு, காயுமுன் கழுவிவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் தேவைப்படாது.

சில வாட்டர் சர்வீஸ்களில் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடிப்பதுண்டு. ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகும், ஆறு மாதத்தில் மேல்பூச்சு உரியும். காரமான சோடாவும் அப்படியே. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, சலவைச் சோடா போட்டுத் தேய்த்தால் பாத்திரம் கறுக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அலாய் வீலும் அலுமினியம்தான். மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். தாரை எடுக்கும், இரும்புப் பொடியை அசைக்காது. ஒரு சொட்டு டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும்.

கழுவி முடித்து ரோட்டில் ஏறியதும் மெதுவாக இரண்டு தடவை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்குங்கள். ஷெட்டில் பின்சக்கர டிரம்மைக் கழற்றும்போது ஏர் அடிக்கப் போனால் தடுத்து, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணியைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூட ஆகும். அதற்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.