மல்லாட்டை எண்ணெயும் கரி பஸ்ஸும்



மின்சாரக் கார் வாங்கலாமா, எத்தனால் கலந்த பெட்ரோலே போதுமா என்று பலரும் கேட்கிறீர்கள். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் பதிலாக வரும்.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் மல்லாட்டை எண்ணெயில் ஓடியது. அந்தக் காலத்தில் நம் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பூமிக்கடியில் எடுத்த எண்ணெய் மலிவு. கடலை எண்ணெய் அடுப்படியோடு நின்றுவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சென்னை மாகாணத்தில் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியோடு ஓர் உருளை அடுப்பு. காற்றைக் குறைத்துக் கரியை எரித்தால் வரும் வாயுதான் எரிபொருள். கிளப்பவே நேரமாகும், மேட்டில் இழுக்காது. பெட்ரோல் தாராளமானதும் கரி பஸ் மறைந்தது.

தட்டுப்பாட்டில் வந்தது மலிவு வந்ததும் போய்விட்டது. இப்போது?

2025இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு எட்டியது. அதற்குக் கரும்போடு மக்காச்சோளமும் அரிசியும் போகின்றன. வண்டியும் வயிறும் ஒரே வயலுக்குப் போட்டி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மின்சாரக் காரிலும் ஒன்று கவனியுங்கள். பக்கத்து நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுக்கிறார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவை நம் சுற்றுவட்டார ஊர்கள். அந்த மின்சாரத்தில் ஓடினால் அதுவும் கரி வண்டிதான். ஆனால் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக்கூட அதே கார் சுத்தமாகிவிடும். பெட்ரோல் காருக்கு அந்த வழி இல்லை.

எனவே ஊருக்குள் ஓட்ட மின்சார வண்டி, முடிந்தால் மாடியில் சோலார். ஓடுகிற பழைய வண்டியை அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது கரி பஸ்ஸில் போயிருந்தால் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், விருத்தாசலம்