நடு இரவில்: முதுசொம் தேடி வந்தவர்கள்

1980களின் முற்பகுதியில் சாவகச்சேரியில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் ஓரிரவில் மூன்று படங்கள் பார்ப்பது வழக்கம். புதுப்படங்கள் முதலில் ஓடும். விடியற்புறத்துக்கு எஞ்சுவது எவரும் விரும்பிக் கேளாத கறுப்பு வெள்ளைப் படமாகவே இருக்கும். எங்கள் வீட்டு முற்றத்தில் அவ்வாறு எஞ்சிய ஒன்றாகத்தான் 'நடு இரவில்' எனக்கு அறிமுகமாயிற்று. பலர் பாயிலேயே உறங்கிவிட்டனர். விழித்திருந்த ஐந்தாறு பேரில் ஒருவரும் படம் முடியும்வரை கிணற்றடிப் பக்கம் போகவில்லை.

இப்படத்தைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, அதில் மருத்துவராகவும் நடித்தவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். பாடல்களே இல்லாத 'அந்த நாள்' (1954) படத்தையும், 'பொம்மை' (1964) படத்தையும் இயக்கியவரும் அவரே. அவ்விரண்டும் இன்றும் பேசப்படுகின்றன. 'நடு இரவில்' எடுத்து முடிக்கப்பட்ட பின்னரும் சில ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 1970இலேயே திரைக்கு வந்தது. அதன்பின் அவர் வேறு படம் இயக்கவில்லை. 1990இல் மறையும்வரை வீணையே அவருடைய உலகமாயிற்று.

கதை எளிது. குணமாகாத நோயுற்ற செல்வந்தர் தயானந்தம் (மேஜர் சுந்தரராஜன்), மனநலம் குன்றிய மனைவியுடன் (பண்டரிபாய்) ஒதுக்குப்புறமான மாளிகையில் வாழ்கிறார். நீண்டகாலம் விலகியிருந்த உறவினர்கள், நண்பரான மருத்துவரின் யோசனைப்படி அங்கே வரவழைக்கப்படுகின்றனர். சௌகார் ஜானகி, சோ முதலியோரும் நடித்துள்ளனர். பின்னர் ஒருவர்பின் ஒருவராகக் கொலையாகின்றனர். கொலைஞர் யாரென்று சொல்வது இனிமேல் பார்க்கப்போகும் வாசகருக்குச் செய்யும் துரோகமாகும்.

அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவலின் தழுவல் என்று ஒரு வரியில் இதனை ஒதுக்கிவிடுவோர் உண்டு. எனது கருத்து வேறு. கிறிஸ்டியின் தீவில் கூடுவோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பழைய குற்றமே அவர்களை அங்கே சேர்க்கிறது. பாலசந்தரின் மாளிகையில் கூடுவோர் இரத்த உறவினர்கள். சொத்தே அவர்களைச் சேர்க்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்கீழ் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பங்கு பிரித்துப் பழகிய எமக்கு அந்த முகங்கள் புதியவையல்ல. படத்தில் பேய் கிடையாது. நிழலும் ஒலியும் அச்சத்தை எழுப்புகின்றன. அந்த அச்சத்தை நீடிக்கச் செய்வது, ஒரே பந்தியில் உண்பவரை நம்பவியலாத நிலையே.

அன்றிரவு விழித்திருந்தவர்களுள் என் பெரியப்பாவும் சித்தப்பாவும் இருந்தனர். எல்லை வேலி தொடர்பாக இருவரும் வழக்காடிக்கொண்டிருந்த காலம். முற்றத்தின் இரு அந்தங்களில் அமர்ந்து பார்த்தனர். படம் முடிந்ததும், பல மாதங்களின் பின் முதன்முறையாகப் பெரியப்பா தம்பியை நோக்கி, "ரோச் கொண்டு வந்தனியே? இருட்டாக் கிடக்கு, பாத்துப் போ" என்றார். வழக்கு என்னவோ தொடர்ந்தது.

2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரம் சிதைந்தது. திரும்பிச் சென்றபோது இரு வீடுகளும் இல்லை, வேலியும் இல்லை. எல்லைக்கல் எங்கிருந்ததென்று காட்ட உரித்தாளர் இருவரும் உயிரோடில்லை. அந்தப் படத்தை மீண்டும் பார்க்கும்போதெல்லாம், கொலைஞர் யார் என்பதை அறிந்திருந்தும், எனக்கு அச்சம் குறைவதில்லை.