கடுக்காயும் உப்பும்

பருத்தி நூலில் சாயம் லேசில் நிற்காது. அதைப் பிடித்து வைக்க இன்னொரு பொருள் வேணும்.

அன்றைக்கு அது கடுக்காய். சோழமண்டலக் கரையின் சாயமுறையை 1742-இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கடிதமாக எழுதி வைத்தார். முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைப்பார்கள்; பிறகு படிகாரம்; கடைசியில் சாயவேர். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் ஒரு பீனாலிக் பொருள். அது நூலையும் பிடிக்கும், படிகாரத்து அலுமினியத்தையும் பிடிக்கும். அந்த அலுமினியம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ரியாக்டிவ் சாயம். அதை நூலுக்குள் தள்ள உப்பு. கடுக்காய்ச் சத்து நூலிலேயே தங்கிவிடும். உப்பு தங்காது, கழிவுநீரோடு போயிடும். அப்படி நொய்யலில் சேர்ந்ததுதான் ஒரத்துப்பாளையம் அணைவரை விவசாயத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

ஏற்றுமதி அளவுக்குக் கடுக்காய் போதாதுதான். ஆனா, சாயத்தைப் பிடித்து வைக்கிற பொருள் கடைசியில் எங்கே போகுதுன்னும் கேட்கணும்.