கட்டி முடித்த கடன், தீராத பதிவு

புரோநோட்டுக்குக் கடன் வாங்கியவர் இடையில் கட்டிய தொகை நோட்டின் பின்புறம் வரவாக எழுதப்படும். அசலும் வட்டியும் தீர்ந்ததும் நோட்டே கைக்குத் திரும்பிவிடும். கிழித்துப் போட்டால் கணக்கு முடிந்தது. வங்கிகள் கடன் விவரங்களைத் தங்களுக்குள் பகிரத் தொடங்கியபோது இந்த வசதி போயிற்று. பதிவு இருவர் கையிலும் இல்லாத மூன்றாவது இடத்துக்குப் போனது. அப்படி ஒன்று இருப்பதே பல கடனாளிகளுக்குத் தெரியாது.

இந்தியாவில் 1994இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய பட்டியல் 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் பாக்கி வைத்தவர்களுக்கானது. சிறு கடனாளி அதில் வரவில்லை. 2000இல் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் அமைந்து, 2004இல் தனிநபர் கடன் விவரங்களைத் தரத் தொடங்கியதும் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்வரை எல்லோரும் ஏட்டில் ஏறினர். ஏட்டைப் பார்க்கும் உரிமையையும் பிழை திருத்தக் கேட்கும் உரிமையையும் தந்தது 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம். 2006 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தத்துக்குக் கெடு 30 நாள்.

உரிமை வந்தும் சிக்கல் தீரவில்லை. தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். தவணை தவறியவர் பிறகு பணம் கட்டினாலும் எப்படிக் கட்டினார் என்பதைப் பொறுத்தே பதிவு அமைந்தது. முழுத் தொகையும் கட்டினால் ‘குளோஸ்டு’. பேசி முடித்துக் குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’. அடுத்த கடன் கேட்கும்போது இதுவே குறுக்கே நின்றது. ‘ரிட்டன் ஆஃப்’ என்றால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டதாகப் பலர் நம்பினர். உண்மையில் வங்கி அதைத் தன் கணக்கிலிருந்து நீக்கியிருக்கும், அவ்வளவே. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். கடன் சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால் குழப்பம் இரட்டிப்பு: பணம் கட்டியது ஓரிடம், பாக்கி நின்றது வேறோர் இடத்து ஏட்டில். வங்கியிடம் வாங்கிய நிலுவையின்மைச் சான்றும் பணம் கட்டிய ரசீதும்தான் கடனாளிக்குப் பழைய நோட்டின் இடத்தில் நின்றன. வாங்காமல் விட்டவர் பாடு திண்டாட்டம்.

2010 வாக்கில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், ஹை மார்க் நிறுவனங்களும் வந்தன. பார்க்க வேண்டிய ஏடு நான்கானது; ஒன்றில் திருத்தியது மற்றதில் தெரியாமல் போகவும் வாய்ப்பிருந்தது. ஆதித்ய பூரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2014இல் ரிசர்வ் வங்கி தகவல் அனுப்பும் வடிவத்தை ஒரே சீராக்கியது. ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரியில்தான் வந்தது. உரிமைக்கும் இலவசத்துக்கும் நடுவே பத்தாண்டு.

2023 அக்டோபரில் வந்த உத்தரவே வங்கிகளுக்கு உறைத்தது. புகாருக்கு 30 நாளில் தீர்வு இல்லையெனில் புகார்தாரருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த 30 நாளில் 21 நாள் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு. மிச்சம் தகவல் நிறுவனத்துக்கு. இது 2024 ஏப்ரலில் நடைமுறையானது. அதுவரை தாமதத்தின் செலவு முழுவதும் கடனாளியுடையதாகவே இருந்தது. 2025 ஜனவரி முதல் விவரங்களை மாதம் ஒருமுறைக்குப் பதிலாக 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டியதாயிற்று. இவை எல்லாம் கணக்கின் இன்றைய நிலையைச் சரிசெய்யும் வழிகள். உண்மையாகவே தவறிய தவணைகளை எந்தப் புகாரும் அழிக்காது. எத்தனை நாள் தாமதம் என்ற விவரம் 36 மாதம்வரை அறிக்கையில் மாதவாரியாகத் தெரியும்.